மரண தண்டனையை எதிர்த்தவர்

தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது வரலாற்று வகுப்பில் எங்களுக்கு ஒரு பணி கொடுக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியில் பங்குபெற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் நல்லவரா கெட்டவரா என்று பத்து நிமிடங்களில் வகுப்புக்கு விளக்க வேண்டும். நான் மாக்சிமிலியன் ரோபெஸ்பியரைத் தேர்ந்தெடுத்தேன். ஆயிரக்கணக்கானோரைக் கில்லட்டினுக்கு அனுப்பிய பயங்கர ஆட்சியின் முகம் அவர். இவர் கெட்டவர் என்று சொல்ல இரண்டு நிமிடமே போதும் என்ற நினைப்பில்தான் நூலகத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு தேதி என்னைத் தடுமாற வைத்தது. 1791ஆம் ஆண்டு மே 30. அன்று பிரான்சின் தேசிய மன்றத்தில், மரண தண்டனையைச் சட்டத்திலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். நீதிபதிகளும் மனிதர்களே, அவர்கள் தவறு செய்யக்கூடும், உயிரைப் பறித்த பிறகு அந்தத் தவறைத் திருத்த முடியாது என்பது அவரது வாதம். பேசியவர் ரோபெஸ்பியர்!

இப்படிப் பேசியவர் எப்படி அப்படி ஆனார்? என் பத்து நிமிடங்களும் அந்தக் கேள்விக்கே போயின.

அராஸ் நகரத்துச் சிறுவன்

ரோபெஸ்பியர் 1758 மே 6ஆம் தேதி வடபிரான்சில் உள்ள அராஸ் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஆறு வயதில் தாயை இழந்தார். அதன்பின் தந்தையும் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். மூத்தவரான இவரையும் தம்பி, தங்கைகளையும் உறவினர்கள் வளர்த்தார்கள்.

படிப்புதான் அவரைக் கரைசேர்த்தது. 11 வயதில் உபகாரச் சம்பளம் பெற்று, பாரிசின் புகழ்பெற்ற லூயி லெ கிரான் கல்லூரியில் சேர்ந்தார். லத்தீனும் பழைய ரோமானியக் குடியரசின் வரலாறும் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. அங்கே படித்த இன்னொரு மாணவர் கமில் தெமுலான். ரோபெஸ்பியரைவிட இரண்டு வயது இளையவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் படித்து முடித்து, 1781இல் அராஸ் திரும்பி வழக்கறிஞரானார். அப்போது அந்த வட்டாரத்தில் ஒருவர் தம் வீட்டுக் கூரையில் இடிதாங்கி பொருத்தியிருந்தார். அது மின்னலை இழுத்துவந்து தங்கள் வீடுகளை எரித்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சினார்கள். அதை அகற்றும்படி உத்தரவும் வந்தது. ரோபெஸ்பியர் அறிவியலின் பக்கம் நின்று வாதாடி, 1783இல் வென்றார். மக்களின் அச்சத்துக்கு எதிராக நின்று அவர் பெயர் வாங்கிய வழக்கு அது.

புரட்சி ஏன் வெடித்தது?

அப்போதைய பிரான்ஸ் கடனில் மூழ்கிக் கிடந்தது. இங்கிலாந்துக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போருக்குப் பெரும்பணம் செலவழித்திருந்தது. 1788இல் அரசின் செலவில் ஏறத்தாழ பாதி, பழைய கடனுக்கே போனது. ஆனால் நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கை வைத்திருந்த சமய குருமார்களுக்கும் பிரபுக்களுக்கும் பல வரிகளிலிருந்து விலக்கு. சுமையின் பெரும்பகுதி மூன்றாம் பிரிவினரான சாதாரண மக்களின் முதுகில் விழுந்தது.

அதே ஆண்டு ஆலங்கட்டி மழையும் வறட்சியும் விளைச்சலைக் கெடுத்தன. அடுத்து வந்த குளிர்காலமும் கடுமையாக இருந்தது. ரொட்டி விலை ஏறியது. கூலித் தொழிலாளியின் சம்பளத்தில் பெரும்பகுதி ரொட்டி வாங்கவே சரியாகப் போனது.

வேறு வழியின்றி மன்னர் 16ஆம் லூயி, 1614க்குப் பிறகு கூடாத பொதுப் பேரவையை 1789 மே 5ஆம் தேதி வெர்சாய் நகரில் கூட்டினார். அங்கேயும் ஓர் அநீதி காத்திருந்தது. மூன்று பிரிவுகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு என்பது பழைய வழக்கம். அதன்படி, மக்கள்தொகையில் 100க்கு 97 பேருக்கும் மேல் இருந்த பிரிவு, மற்ற இரண்டும் கைகோத்தால் எப்போதுமே தோற்கும். அராஸ் வட்டாரத்தின் மூன்றாம் பிரிவுப் பேராளர்களில் ஒருவராக அங்கே வந்திருந்தார் ரோபெஸ்பியர். பேரவை தொடங்கிய மறுநாள் அவருக்கு 31 வயது.

ஜூனில் மூன்றாம் பிரிவினர் தங்களைத் தேசிய மன்றம் என்று அறிவித்துக்கொண்டனர். ஜூலை 12ஆம் தேதி பாரிசில் ஒரு மேசைமேல் ஏறி, ஆயுதம் ஏந்த மக்களை அழைத்தவர் கமில் தெமுலான். இரண்டு நாள் கழித்து பாஸ்டில் கோட்டை விழுந்தது. ஆகஸ்டு 26ஆம் தேதி மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது.

மன்றத்தில் ரோபெஸ்பியரின் மெல்லிய குரலைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அவர் விடாமல் பேசினார். வரி கட்ட வசதியில்லாத ஏழைக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். யூதர்களுக்குச் சம உரிமை கேட்டார். குடியேற்ற நாடுகளில் இருந்த அடிமைமுறையைச் சாடினார். பாரிசில் ஒரு தச்சரின் வீட்டில் வாடகைக்குத் தங்கி எளிமையாக வாழ்ந்தார். விலைக்கு வாங்க முடியாதவர் என்பதே மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம்.

ஒரே ஒரு விதிவிலக்கு

1791 ஜூனில் மன்னர் குடும்பத்தோடு தப்பியோட முயன்று பிடிபட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் பிரான்ஸ் ஆஸ்திரியாமீது போர் தொடுத்தது. ஆயுதத்தோடு வந்து விடுதலை கொடுப்பவர்களை எந்த மக்களும் விரும்பமாட்டார்கள் என்று ரோபெஸ்பியர் அந்தப் போரை எதிர்த்தார். யாரும் கேட்கவில்லை. தோல்விமேல் தோல்வி வந்தது. மன்னர் எதிரிகளோடு கைகோத்துவிட்டார் என்ற கோபத்தில் ஆகஸ்டு 10ஆம் தேதி மக்கள் அரண்மனையைத் தாக்கினர். செப்டம்பரில் முடியாட்சி ஒழிந்து, பிரான்ஸ் குடியரசானது.

சிறையிலிருந்த மன்னரை என்ன செய்வது? டிசம்பர் 3ஆம் தேதி ரோபெஸ்பியர் பேசினார். மரண தண்டனையைத் தாம் வெறுப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால், குடியரசு பிழைக்க வேண்டுமானால் இந்த ஒருவர் மட்டும் சாகத்தான் வேண்டும் என்றார். மக்கள் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டதால் விசாரணையே தேவையில்லை என்றும் வாதிட்டார். விசாரணை நடந்தது. 1793 ஜனவரி 21ஆம் தேதி லூயி கில்லட்டினில் உயிர்விட்டார்.

கெட்டவர் என்று நிரூபிக்க நான் எடுத்துவைத்த குறிப்புகளில், இந்தப் பேச்சின் பக்கத்தில்தான் சிவப்பு மையால் கோடிட்டேன். அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு கேட்டார், அவ்வளவுதான்.

ஆனால், விதிவிலக்கு ஒன்றோடு நிற்கவில்லை. 1793இல் பிரிட்டனும் ஸ்பெயினும் போரில் இறங்கின. உள்நாட்டில் கிளர்ச்சி மூண்டது. ஜூலை மாதம் ரோபெஸ்பியர் பொதுப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தார். அவர் தனி ஒரு சர்வாதிகாரி அல்லர். குழுவில் 12 பேர் இருந்தார்கள். ஆனாலும் பயங்கரம் ஏன் தேவை என்று நாட்டுக்கு விளக்கிய குரல் அவருடையது. பிரான்ஸ் முழுவதும் ஏறக்குறைய 17,000 பேருக்கு நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்லர், சாதாரண மக்கள். வியப்பு என்னவென்றால், அதே ஆட்சிதான் 1794 பிப்ரவரியில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது.

கமில் என்ன ஆனார்? 1790இல் நடந்த அவருடைய திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ரோபெஸ்பியர். 1793 இறுதியில் கமில் தம் பத்திரிகையில், போதும், கருணை காட்டுங்கள் என்ற பொருளில் எழுதத் தொடங்கினார். அவரைக் கைது செய்யும் ஆணையிலும் ரோபெஸ்பியரின் கையெழுத்து இருந்தது. 1794 ஏப்ரல் 5ஆம் தேதி, புரட்சித் தலைவர் டான்டனோடு கமிலும் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து அவர் மனைவி லூசிலும் கொல்லப்பட்டார். இரண்டு வயதுகூட நிரம்பாத அவர்களின் மகன் அனாதையானான்.

ஜூன் 10ஆம் தேதி வந்த சட்டம் இன்னும் கொடியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. ஒன்று விடுதலை, இல்லையென்றால் மரணம். இடிதாங்கிக்காக வாதாடிய வழக்கறிஞர் ஆதரித்த சட்டம் இது! அடுத்த ஏழு வாரங்களில் பாரிசில் மட்டும் 1,300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

ஜூலை 26ஆம் தேதி மன்றத்தில் துரோகிகள் இருப்பதாக ரோபெஸ்பியர் பேசினார், ஆனால் பெயர்களைச் சொல்லவில்லை. அடுத்தது நான்தானோ என்று ஒவ்வொருவரும் நடுங்கினர். மறுநாள் அவரையே கைது செய்தனர். ஜூலை 28ஆம் தேதி, தாடையில் குண்டுக் காயத்தோடு, தம்பியோடு சேர்த்து கில்லட்டினுக்குக் கொண்டுபோகப்பட்டார். வயது 36. மன்னருக்கு விசாரணை தேவையில்லை என்று சொன்னவருக்கு விசாரணையே நடக்கவில்லை.

அதன்பின்

பயங்கரம் தணிந்தது. ஏழைகளின் வாக்குரிமைக் கனவும் அதோடு சுருங்கியது. 1799இல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். 1802இல் அடிமைமுறை மீண்டும் வந்தது. 1804இல் அவர் பேரரசரானார். 1814இல் கொல்லப்பட்ட மன்னரின் தம்பியே அரியணை ஏறினார். நிலையான குடியரசுக்குப் பிரான்ஸ் 1870 வரை காத்திருந்தது. ஆனாலும் பிரபுக்களின் பிறப்புரிமைச் சலுகைகள் பழையபடி திரும்பவில்லை. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்ற கொள்கையை எந்த மன்னராலும் அழிக்க முடியவில்லை.

வகுப்பில் என் பத்து நிமிடங்கள் முடிந்ததும், அவர் நல்லவரா கெட்டவரா என்று நண்பர்கள் கேட்டார்கள். கொன்ற பழியிலிருந்து அவரை விடுவிக்க எனக்கு மனமில்லை. ஆனால், அவர் தொடக்கத்திலிருந்தே கொடியவர் என்று சொல்லவும் முடியவில்லை. பலகையில் இரண்டு தேதிகளை மட்டும் எழுதினேன்: 1791 மே 30, 1792 டிசம்பர் 3. இடையில் ஒன்றரை ஆண்டு. ஒரு நல்ல கொள்கைக்கு முதல் விதிவிலக்கைக் கேட்க அவருக்கு அவ்வளவு காலமே பிடித்தது.

மரண தண்டனையைப் பிரான்ஸ் 1981இல் நீக்கியது. ரோபெஸ்பியர் அதைக் கேட்டு 190 ஆண்டுகள் ஆகியிருந்தன.