நான்சன்: கூடாரமும் கடவுச்சீட்டும்

நம்மில் பலருக்கு இந்த நாடுகளில் முதலில் கிடைத்த பெறுமதியான பொருள், அகதிகளுக்கான பயண ஆவணம். அதன் முன்னோடி 1922 இல் பிறந்த ‘நான்சன் கடவுச்சீட்டு’. அதற்குப் பெயர் தந்த பிரித்யோவ் நான்சன், பனியில் எதைச் சுமப்பது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்து வாழ்ந்த மனிதர்.

1861 ஒக்டோபர் 10 இல், இன்றைய ஒஸ்லோவை அண்டிய பகுதியில் பிறந்தார். பனிச்சறுக்கும் வேட்டையும் சிறுவயதிலேயே பழகியவர். 1888 இல் ஐந்து துணைவர்களுடன் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுத்ததால் ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. மேற்குக் கரையில், கூடாரத்தின் தரைத்துணியை மரக்கொப்புகளின் மேல் இழுத்துத் தைத்துச் சிறு படகாக்கினார்கள். அதிலேதான் நான்சனும் இன்னொருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் கிடைக்காத அந்தக் குளிர்காலத்தில் இனுயிட் மக்களிடம் கயாக் ஓட்டவும் வேட்டையாடவும் கற்றார்.

அந்தப் பயணத்தில் அவர்களை வாட்டியது தாகம். சுற்றிலும் பனி இருந்தும், உருக்க எரிபொருள் இல்லாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே கூடாரத்தையும் அடுப்பையும் அவர் ஒன்றாகவே யோசித்தார். 1895 மார்ச் 14 இல் யோஹான்சன் என்ற துணைவருடன் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டபோது, நடுவில் ஒரே கம்பு தாங்கும் மெல்லிய பட்டுக் கூடாரத்தை எடுத்துக்கொண்டார். அடுப்பு, நம் வீடுகளிலும் ஒருகாலத்தில் இரைந்த காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. சமையல் பானையைச் சுற்றியும் மேலேயும் பனி உருக்கும் பாத்திரங்கள் இருந்தன. ஒரே சுடரில் சாப்பாடும் தண்ணீரும் தயாராகின.

துருவத்தை எட்ட முடியவில்லை. திரும்பும் வழியில், பிரான்ஸ் யோசெப் தீவுகளில் குளிர்காலம் மறித்தது. நடக்கும்போது காத்த பட்டுத்துணி, மாதக்கணக்கில் தங்குவதற்குப் போதாது. நிலத்தைத் தோண்டி, கல்லாலும் பாசியாலும் சுவர் எழுப்பி, வேட்டையாடிய வால்ரஸின் தோலைக் கூரையாக்கினார்கள். அடுப்பெரிக்க விலங்குக் கொழுப்பு. புகைபோக்கி பனிக்கட்டியால் ஆனது. பனிக்கரடி இறைச்சியை உண்டு, 1896 மே மாதம்வரை அங்கேயே உயிர் பிழைத்தார்கள்.

முதலாம் உலகப்போருக்குப் பின் நாடுகளின் சங்கம் அவரை அழைத்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வீடு திரும்ப வழிசெய்தார். 1921 இல் அகதிகளுக்கான உயர் ஆணையரானார். குடியுரிமை இழந்த ரஷ்ய அகதிகளிடம் எல்லை கடக்க எந்தக் காகிதமும் இருக்கவில்லை. அவர்களுக்காகவே அந்தக் கடவுச்சீட்டு உருவானது. பின்னர் ஆர்மேனியர்களுக்கும் கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. 1922 இல் அவருக்குச் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. 1930 மே 13 இல் ஒஸ்லோவுக்கு அருகில், தம் வீட்டில் காலமானார்.

அந்தக் கடவுச்சீட்டு எவருக்கும் நாட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டுக் கூடாரம் வீடாகாததுபோல, அதுவும் நாடாகவில்லை. ஆனால் மறுநாள் நடப்பதற்கு அது போதுமாக இருந்தது. அலுமாரியில் நாம் இன்னும் வைத்திருக்கும் அந்தப் பழைய பயண ஆவணத்தைப் பிள்ளைகளிடம் காட்டும்போது, இவரைப் பற்றியும் சொல்லி வைப்போம்.