குதிரையில் வந்த பாட்டி

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து மேற்கே கிளம்பினால் கச்சிராயபாளையம் வரும். அதைத் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு மேல், கல்வராயன் மலைப் பாதை வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்துவிடும். லீவு நாளில் வேனில் ஏறி, அருவியில் குளிக்கப் போகும் அந்த ஊர் குட்டீஸ்களுக்கு இந்த மலை நன்றாகத் தெரியும்.

இப்போது ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. சுமார் 70 வருடங்களுக்கு முன் அங்கே ஒற்றையடிப் பாதைதான். அந்தப் பாதையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, மட்டக்குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வயது 75! நோயாளிகளைக் கண்டால் இறங்கி மருந்து கொடுப்பார். பிள்ளைகளைக் கண்டால் இயேசு கதை சொல்வார். தமிழில்தான் பேசுவார். அவர் பெயர் இவலின் பிராண்ட். எல்லாருக்கும் அவர் பிராண்ட் பாட்டி.

இத்தனைக்கும் இந்தப் பாட்டி பிறந்தது, லண்டனில் ஒரு பணக்கார வீட்டில். ஆண்டு, 1879. பட்டுச் சட்டை, இறகு வைத்த தொப்பி என்று செல்லமாக வளர்ந்தவர். அவருக்கு உயிர், ஓவியம். முறையாகப் படித்து, மலை, வானம், மேகம் என்று இயற்கைக் காட்சிகளை வரைவார். ஆங்கிலேய ஓவியர் டர்னர் போல், வெளிச்சத்தைப் படத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்தக் காலத்தில் ஜெஸி பிராண்ட் என்ற இளைஞர், தமிழ்நாட்டுக்கு வந்து மிஷனரியாக வேலை செய்துகொண்டிருந்தார். கட்டடம் கட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை. கைத்தொழில் தெரியும், ஒரு வருடம் மருத்துவமும் படித்திருந்தார். லண்டனில் ஒருமுறை அவர், இங்கே மலைவாழ் மக்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட இவலினுக்கு, அதன்பிறகு லண்டனில் இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வீட்டாரின் மனக்கஷ்டத்தையும் மீறி, சென்னைக்குக் கப்பல் ஏறிவிட்டார். இங்கு வந்து தமிழ் படித்தார்.

1913ல் இருவருக்கும் கல்யாணம். கல்யாணமான கையோடு, கொல்லிமலைக்கு ஏறினர். வழியில் கொட்டியது மழை. லண்டன் பெண்ணின் கல்யாண உடை, சேறும் முள்ளுமாகப் போயிற்று. மலை வாழ்க்கையின் முதல் பாடம் அதுதான்!

வாழவந்தியில் அவர்களுடைய வீடு வந்த கதை ரொம்ப வேடிக்கை. ஜெஸி, கீழே சமவெளியிலேயே மர வீட்டைச் செய்துவிட்டார். பிறகு அதைப் பலகை பலகையாகப் பிரித்து, தலைச்சுமையாக மலைக்கு ஏற்றி, அங்கே மறுபடி பூட்டினார். தூண்களின் மேல் நிற்கும் வீடு. ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஓர் இரும்பு வாணலியைக் கவிழ்த்து வைத்திருந்தார். எதற்கு தெரியுமா? கறையான் ஏறி வந்தால், வாணலியின் விளிம்பைத் தாண்ட முடியாது. கெட்டிக்கார ஏற்பாடுதான்!

1914ல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பால். குடிக்கிற பால் இல்லை, குட்டீஸ்... பைபிளில் வரும் பவுலின் ஆங்கிலப் பெயர் அது. அடுத்து ஒரு தங்கை, கோனி. பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, அம்மாதான் டீச்சர். பாலுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கவே பிடிக்காது. மரத்தில் ஏறி, கிளையில் உட்கார்ந்துகொண்டுதான் கணக்குப் போடுவான். போட்டு முடித்ததும், தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். அம்மா திருத்துவார். வேறு அம்மாவாக இருந்தால், முதலில் கீழே இறங்கு என்று அதட்டியிருப்பார். இவலின் அப்படிச் செய்யவில்லை. வானத்தையும் மலையையும் வரைகிறவர் ஆயிற்றே!

அப்பாவுக்கோ, பிள்ளைகளோடு காட்டில் சுற்றுவதுதான் பொழுதுபோக்கு. கறையான் புற்றைக் கண்டால் நின்றுவிடுவார். கண் தெரியாத இந்தச் சின்னப் பூச்சிகள், உள்ளே எப்படி வளைவு வளைவாக வழி அமைத்து, காற்றோட்டமும் வைத்திருக்கின்றன என்று காட்டுவார். மண்ணில் புனல் மாதிரி குழி பறித்து, எறும்பு சறுக்கி விழும்வரை காத்திருக்குமே குழியானை, அதைப் பார்க்கத் தரையோடு தரையாகப் படுக்கச் சொல்வார். தூக்கணாங்குருவிக் கூட்டின் பின்னலை விளக்குவார். கடவுள் படைத்த உலகத்தை உற்றுப் பார்ப்பதும் அவரைத் துதிப்பதுதான் என்பது ஜெஸியின் எண்ணம். அதனால் அந்த வீட்டில் ஜெபம் தனி, ஊர் சுற்றுவது தனி என்று இருக்கவில்லை.

சுற்றிப் பார்ப்பது மட்டும் போதுமா? மலையில் நோய்களுக்குப் பஞ்சமே இல்லை. நரம்புச்சிலந்தி என்று ஒரு நோய். குளத்திலும் படிக்கிணற்றிலும் கால் வைத்து இறங்கித் தண்ணீர் எடுக்கும் இடங்களில் அது பரவும். தண்ணீரில் உள்ள மிகச்சிறிய பூச்சிகள் வழியாக வயிற்றுக்குள் போகும் புழு, ஒரு வருடத்தில் உடம்புக்குள்ளேயே சுமார் ஒரு மீட்டர் நீளம் வளர்ந்து, காலில் கொப்புளமாக வெளிவரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். புண் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில், தினம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஜெஸி அப்படிப் புழுவை எடுப்பதைச் சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். யாரும் கால் வைத்து இறங்க முடியாதபடி சுவர் எழுப்பிய கிணறுகள் வேண்டும் என்று, ஊர் ஊராகப் போய்ச் சொன்னார் ஜெஸி. தண்ணீரைத் துணியில் வடிகட்டினாலே பாதி வெற்றி. இந்தியாவில் கடைசியாக இந்த நோய் ஒருவருக்கு வந்தது 1996ல். 2000ல், நாடே இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கிறது.

மருந்து வாங்க மலை மக்கள் வந்தார்களே தவிர, பல வருடங்கள் ஒருவர்கூட அவர்களுடைய மதத்தில் சேரவில்லை. உள்ளூர்ப் பூசாரிக்கும் இவர்களைப் பிடிக்காது. முதல் உலகப்போர் முடிந்த சமயம், உலகம் முழுவதும் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்துவிட்டனர். சமைத்துப்போட ஆள் இல்லை. ஜெஸியும் இவலினும், வாளி வாளியாக அரிசிக் கஞ்சி காய்ச்சிச் சுமந்துபோய் ஊட்டினர். பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். ஊரே அந்த வீட்டுப் பக்கம் போகப் பயந்தபோது, இவர்கள் போனார்கள். சாகும் தறுவாயில் அவர், தன் மகனையும் கைக்குழந்தையான மகளையும் வளர்க்கும்படி இவர்களிடமே ஒப்படைத்தார். அந்தப் பெண்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார் இவலின். அவர் எடுத்து வளர்த்த பிள்ளைகள் இன்னும் பலர்.

ஊரார் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவர், 1923ல் சொந்தப் பிள்ளைகளைப் பிரிந்தார். படிப்புக்காகப் பாலையும் கோனியையும் லண்டனில் தம் சகோதரிகளிடம் விட்டுவிட்டு, கணவரோடு மலைக்குத் திரும்பினார். பாலுக்கு அப்போது 9 வயது. அந்தக் காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் இது வழக்கம்தான். என்றாலும், 9 வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மரம் ஏறித் திரிந்தவன், புகை மூட்டம் நிறைந்த லண்டனில், விளக்குக் கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டியதுதான்! அவர்கள் செய்தது சரிதானா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அந்தக் குறையை அப்பாவின் கடிதங்கள் கொஞ்சம் தீர்த்தன. வாரம் தவறாமல் எழுதுவார். குதிரையில் போகும்போது பார்த்த மரம், பூச்சி, பறவை எல்லாம் அதில் இருக்கும். காட்டில் கூடவே நடப்பது போலவே மகனுக்குத் தோன்றும்.

1929 ஜூன். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சல் ஜெஸிக்கு வந்தது. மலையில், தகுந்த வைத்தியம் கிடைக்கவில்லை. 44 வயதில் இறந்துபோனார். தந்தி, லண்டனுக்கு உடனே போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் அல்லவா வரும்? அப்பா இறந்த செய்தி வந்த பிறகும், அப்பாவின் கடிதம் வந்தது. மலையின் அழகைப் பற்றி, கடவுளுக்கு நன்றியோடு இருக்க வேண்டியதைப் பற்றி எழுதியிருந்தார். பாலுக்கு அப்போது வயது 15கூட நிரம்பவில்லை. ஆறு வருடங்களாக அப்பாவைப் பார்க்கவே இல்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

இவலின் லண்டனுக்குப் போனார். கப்பலில் இருந்து இறங்கிய அம்மாவை, மகனுக்கு அடையாளமே தெரியவில்லையாம். நிமிர்ந்து நடக்கும் அழகான அம்மாவைத்தான் அவன் நினைவில் வைத்திருந்தான். வந்ததோ, கூனிப்போன, தலை நரைத்த ஒரு பெண்மணி.

இனி இந்தியா வேண்டாம் என்று உறவினர் சொல்லிப் பார்த்தனர். கேட்கவில்லை. திரும்பி வந்து, கணவரின் வேலையைத் தாமே பார்த்தார். 70 வயதை நெருங்கியபோது, மிஷன் கண்டிப்பாக மறுத்துவிட்டது. வயதாகிவிட்டது, இனி அனுப்ப முடியாது என்று. ஒரே ஒரு வருடம் என்று கெஞ்சி அனுமதி வாங்கி வந்தார். வருடம் முடிந்தது. மற்றவர்கள் வழியனுப்பக் கூடினால், பாட்டி அவர்கள் தலையில் ஒரு குண்டைப் போட்டார்! மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். ஆனால் ஊருக்குப் போகப் போவதில்லை, மலைக்குத்தான் போகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் போய்ச் சேவை செய்ய வேண்டும் என்பது, கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. ஜெஸி இருந்தவரை ஒரு மலையைத் தாண்டவே நேரம் போதவில்லை. மற்றதை முடிக்க, பாட்டி கல்வராயன் மலைக்கு ஏறினார். மண்சுவர் வீடு, மட்டக்குதிரை, மருந்துப் பை. சம்பளம் கிடையாது.

மகன் பால், அதற்குள் டாக்டராகியிருந்தார். அப்பா மாதிரி முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்று, பிறகு மருத்துவம் படித்தவர். 1946ல் வேலூர் சி.எம்.சி., மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, ஆபரேஷன் செய்து மறுபடி விரிய வைத்து உலகப்புகழ் பெற்றவர் இவர்தான். அந்தக் கைகள் மறுபடி வேலை பழக, தச்சுப்பட்டறையும் வைத்துக்கொடுத்தார்.

உலகமெல்லாம் பேரெடுத்த அந்த டாக்டரால், சொந்த அம்மாவை மட்டும் மலையிலிருந்து இறக்க முடியவில்லை! 75 வயதில் ஒருநாள் பாட்டி கீழே விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. ஆள் வரும்வரை வலியோடு தரையில் கிடந்தார். பிறகு கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து தூக்கி வந்தனர். அங்கிருந்து குண்டும் குழியுமான சாலையில், ஜீப்பில் 240 கிலோ மீட்டர். மகன் எவ்வளவோ மன்றாடினார். நான் இறங்கிவிட்டால் இந்த ஜனங்களுக்கு யார் மருந்து கொடுப்பார்கள், எலும்பைக் கட்டுவார்கள் என்று பாட்டி திருப்பிக் கேட்டாராம். பதில் சொல்ல முடியாமல், டாக்டர் மகன் திரும்பிப் போனார். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு, பாட்டி மறுபடியும் குதிரை ஏறினார்.

அவருடைய வீட்டில் கடைசி 20 வருடங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. இறகுத் தொப்பி வைத்துக்கொண்ட லண்டன் பெண்ணா இவர் என்று தோன்றுகிறது, இல்லையா?

93 வயதுவரை குதிரை. அதன்பின் குதிரையில் உட்காரும் பலம் இல்லை, அடிக்கடி விழுந்தார். மலை மக்கள் விடுவார்களா? டோலி கட்டி, பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

1974 டிசம்பரில், 95வது வயதில் பாட்டி இறந்தார். சவப்பெட்டி வேண்டாம், ஒரு சாதாரணப் பருத்தித் துணி போதும். உடம்பு மலை மண்ணோடு சேர்ந்து, செடிகொடிக்கு உரமாகட்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே துணியில் சுற்றி, கொல்லிமலைக்குத் தூக்கிச் சென்று, 45 வருடங்களுக்கு முன் ஜெஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தனர்.