சமையலறையில் பிறந்த பலூன்

ரஞ்சன்குடி கோட்டை வழியா திருச்சி–சென்னை ரோட்டுல போய் வர்ற உங்களுக்கு இது சுலபமா புரியும். வழி அடைச்சா ரெண்டே தீர்வு: அடைப்பை நீக்கணும், இல்லேன்னா பைபாஸ்ல சுத்திப் போகணும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு மருந்தை விட்டா பைபாஸ் ஆபரேஷன்தான் என்றிருந்த காலத்தில், அடைப்பையே திறந்து காட்டியவர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக்.

1939ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்தார். அப்பாவை உலகப்போர் கொண்டுபோய்விட்டது. ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்து, 1969ல் சூரிச் வந்தார். அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் 1964லேயே ஒரு நோயாளியின் கால் ரத்தக்குழாய் அடைப்பை, மெல்லிய குழாய்களை உள்ளே செலுத்தித் திறந்திருந்தார். அந்தக் குழாய் நுனியில் பலூன் வைத்தால் என்ன என்று யோசித்தார் க்ரூன்ட்சிக்.

இங்கதான் நம்ம மெட்டீரியல்ஸ் பாடம் வருது. சாதா ரப்பர் பலூனை ஊதினால் அடைப்புக்கு முன்னும் பின்னும் புடைக்கும். நடுவில் அடைப்பு அப்படியே நிற்கும். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிக் ஹாப் சொன்ன பிவிசி கைகொடுத்தது. குறித்த விட்டம்வரை விரியும், அதோடு நிற்கும். பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரி வீட்டுச் சமையலறை மேஜையில் மனைவி, உதவியாளரோடு பலூன் வேலை.

1976ல் நாய்களிடம் செய்த சோதனையை அமெரிக்க மாநாட்டில் காட்டினார். பலர் நம்பவில்லை. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயை அவர் விழித்திருக்கும்போதே திறந்தார். தவறினால் உடனே பைபாஸ் செய்ய சர்ஜரி குழு தயாராக நின்றது. கவனிங்க, பலூனும் கத்தியும் முதல் நாளிலேயே கூட்டாளிகள்!

1985ல், தானே ஓட்டிய விமானம் அமெரிக்காவில் விழுந்து, 46 வயதில் மனைவியோடு இறந்தார். மறுவருடமே அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல் சென்னையில் இந்த சிகிச்சையைத் தொடங்கினார்.

அந்தக் கூட்டணி இன்னும் வளர்ந்திருக்கு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயான கரோட்டிட், இதயக் குழாய் ரெண்டிலும் அடைப்பு உள்ள சிலருக்கு, முதலில் கழுத்தில் ஸ்டென்ட், அப்புறம் இதயத்தில் பைபாஸ் செய்கிறார்கள். சிக்கலும் உண்டு. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேணும். அதே மாத்திரை ஆபரேஷனில் ரத்தப்போக்கைக் கூட்டும். ரெண்டுக்கும் நடுவே எத்தனை நாள் விடுவது என்பதை, ஆளைப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

உங்க ப்ராஜெக்ட் எங்காவது முட்டி நின்னா, பக்கத்து டிபார்ட்மென்ட் சார்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. க்ரூன்ட்சிக்குக்கு பிவிசி கிடைச்சது அப்படித்தான்.