சாட்டையடியை நிறுத்திய சீனிவாசராவ்

தஞ்சை, காவிரி பாயும் பூமி, தமிழகத்தின் நெற்களஞ்சியம். ஆனால் அந்த நெல்லை விளைவித்த பண்ணையாள் ஒரு காலத்தில் அரை வயிற்றுக் கஞ்சிதான் குடித்தான். வேலைக்குத் தாமதமாக வந்தால் சாட்டையடி விழும். சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் உண்டு.

இந்தக் கொடுமையை எதிர்த்து நின்றவர் பி. சீனிவாசராவ். 1907-ல் பிறந்தவர். தாய்மொழி கன்னடம். சுதந்திரப் போராட்டத்துக்காகக் கல்லூரிப் படிப்பை விட்டார். பிறகு கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். 1943-ல் கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது. தமிழைக் கற்று, சேரி சேரியாக நடந்தார். கிடைத்த கஞ்சியைக் குடித்து, குடிசையிலேயே படுத்து உறங்கினார்.

இரண்டு சங்கங்கள்

ஊர்தோறும் விவசாயிகள் சங்கம் பிறந்தது. மிராசுதார்களும் சங்கம் வைத்திருந்தார்கள். கூலிக்காகவும் குத்தகைக்காகவும் இரு தரப்பும் மோதின. வயல் வேலை தடைப்பட்டது. போலீஸ் வந்தது.

1944-ல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் இரு தரப்பும் கூடிப் பேசின. ஒப்பந்தம் ஏற்பட்டது. இனிச் சாட்டையடி இல்லை, சாணிப்பால் இல்லை என்று முடிவாயிற்று. பண்ணையாள் முதல்முறையாக நிமிர்ந்து நின்றான்.

ஆனாலும் தகராறு தீரவில்லை. அடக்குமுறை வந்தபோது சீனிவாசராவ் தலைமறைவாக வாழ்ந்தார்.

ராஜாஜியின் சட்டம்

1952-ல் ராஜாஜி முதல்-மந்திரி ஆனார். அவர் கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனாலும் தஞ்சையில் சாகுபடி கெடாமல் இருக்க, அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அவசரச் சட்டம் கொண்டு வந்தார். குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்க வழி செய்தார். பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்றார். வழக்கைத் தீர்க்கச் சமரச அதிகாரிகளை வைத்தார்.

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவரையே அது கட்டுப்படுத்தியது. சிலர் நிலத்தை உறவினர் பெயருக்கு மாற்றினர். சிலர் பண்ணையாளை விலக்கிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தனர்.

ஆகவே சங்கத்தின் வேலை ஓயவில்லை. 1956-ல் வந்த நியாய வாரச் சட்டம் குத்தகைதாரரின் பங்கை நூற்றுக்கு 60 ஆக உயர்த்தியது.

1961-ல் நில உச்சவரம்பு மசோதாவின் குறைகளை நீக்கக் கோரிச் சீனிவாசராவ் போராட்டம் நடத்தினார். அந்தச் செப்டம்பரிலேயே காலமானார். வயது 54. அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது.

எங்கோ பிறந்தவர், தஞ்சை ஏழைக்காகவே உழைத்து, தஞ்சை மண்ணிலேயே கலந்தார். சட்டம் போட்டது சர்க்கார். அதைக் கேட்டு வாங்கும் துணிவைக் கூலிக்காரனுக்குத் தந்தவர் சீனிவாசராவ்.