வலியின் அருமையை உணர்த்திய மருத்துவர்

கையில் அறுவை மருத்துவம் செய்யும்போது, அக்குளில் ஊசியிட்டு அந்தக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வதுண்டு. சில மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். நோயாளி அன்றே வீடு திரும்பலாம். ஆனால், அவ்வுணர்வு என்றுமே திரும்பாவிட்டால் என்ன நேரும்? இவ்வினாவுக்குத் தமிழ் மண்ணில் விடை கண்டவர் மருத்துவர் பால் பிராண்ட்.

பிராண்ட், 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அங்குச் சமயப் பணியுடன் மருத்துவப் பணியும் ஆற்றிய ஆங்கிலேயர். ஒன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கல்வி கற்கச் சென்ற பிராண்ட், பின்னர்த் தச்சும் கட்டடத் தொழிலும் பயின்றார். அதன்பின் இலண்டனில் மருத்துவம் கற்று, 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். அவருடைய பிடி வியக்கத்தக்க வலிமையுடன் இருந்தது. சில தசைகள் செயலிழந்தாலும் பிற தசைகள் நலமாக உள்ளன என்பதைப் பிராண்ட் உணர்ந்தார். நலமான தசைநாண்களை இடம் மாற்றி விரல்களோடு இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஒருநாள், பிராண்டால் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டைத் தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் திறந்தான். அவன் விரலில் குருதி வழிந்தது. சாவி எலும்புவரை கிழித்திருந்தது. அவனோ அதை அறியவில்லை! வலி உணர்வை இழந்தமையாலேயே காயங்கள் பெருகிக் கைகள் சிதைகின்றன என்பது பிராண்டுக்குத் தெளிவாயிற்று. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தொடாமலும், கைகளை நாள்தோறும் உற்று நோக்கியும் காத்துக்கொள்ள நோயாளர்கள் பழகினர்.

கைகள் சீரடைந்தோருக்கும் வேலை கொடுக்க ஊரார் தயங்கினர். எனவே, வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. தாம் இளமையில் கற்ற தச்சுத் தொழில் அங்கே பிராண்டுக்குக் கைகொடுத்தது. நோயாளர்கள் மரப்பொம்மைகள் செய்யக் கற்றுத் தம் உழைப்பால் வாழ வழி கண்டனர்.

1966ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற பிராண்ட், அங்கும் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றி 2003ஆம் ஆண்டு மறைந்தார். முள் குத்தினால் நாம் உடனே கையை இழுத்துக்கொள்கிறோம். அந்த வலியே உடலின் காவலன் என்பதை அவருடைய வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.