மாநகரின் புல்வெளி

நியூயார்க் மாநகரின் மேன்ஹேட்டன் தீவை உயரத்திலிருந்து பார்ப்பவர்களின் கண்ணில், நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே நீள்சதுரமாய் ஒரு பச்சை நிலம் படும். அதுவே 843 ஏக்கர் பரப்புள்ள சென்ட்ரல் பூங்கா. நகரம் விட்டுவைத்த பழைய காடு என்று அதனை நினைத்துவிடக் கூடாது. அங்குள்ள ஏரிகள் மனிதர் தோண்டியவை. மரங்கள் மனிதர் நட்டவை. அதற்குத் திட்டம் வரைந்த இருவருள் ஒருவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்.

அவர் 1822ஆம் ஆண்டு ஹார்ட்போர்டு நகரில் ஒரு துணி வணிகரின் மகனாகப் பிறந்தார். நச்சுச் செடி ஒன்று பட்டதால் அவரது கண்பார்வை குன்றியது. கல்லூரிக் கனவும் கலைந்தது. கப்பல் பணியாளாகச் சீனாவரை சென்று நோயாளியாய்த் திரும்பினார். வேளாண்மை செய்தார், நாளிதழ்களுக்கு எழுதினார். முப்பத்தைந்து வயதுவரை நிலையான தொழில் எதுவும் அமையவில்லை. தந்தையின் பொருளுதவிதான் அவரைத் தாங்கி நின்றது.

எனினும், 1850ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்ட ஒரு காட்சி அவர் மனத்தில் பசுமரத்தாணிபோல் பதிந்திருந்தது. லிவர்பூல் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் பர்கன்ஹெட் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஊர் நிருவாகமே பொதுப்பணத்தில் ஒரு பூங்கா அமைத்திருந்தது. அழகிய தோட்டங்கள் செல்வர்களின் மதிலுக்குள் இருந்த காலம் அது. பர்கன்ஹெட்டிலோ ஏழைகளும் உரிமையோடு உலவினர். சிறுவர்கள் ஒரு பக்கமும் பெரியவர்கள் மறுபக்கமும் கிரிக்கெட் ஆடினர். மக்களாட்சி நாடான அமெரிக்காவில் இப்படி ஒரு பூங்கா இல்லையே என்று அவர் எண்ணினார்.

அவ்வாய்ப்பு 1857இல் வந்தது. நியூயார்க் மாநகர ஆட்சி ஒரு கட்சியின் கையிலும் மாநில ஆட்சி எதிர்க்கட்சியின் கையிலும் இருந்தன. பூங்கா வேலைகள் மாநகரக் கட்சிக்காரர்களுக்கே போய்விடும் என்று அஞ்சிய மாநிலச் சட்டமன்றம், தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. தன் கையை ஓங்கச் செய்வதும் அதன் நோக்கம்தான். அந்த ஆணையம் ஓம்ஸ்டெட்டைப் பணி மேற்பார்வையாளராக நியமித்தது. மறு ஆண்டு நடந்த வடிவமைப்புப் போட்டியில், கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸ் அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். முப்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களுள் இவர்களுடையதே வென்றது. வாக்சின் பங்கை இன்று பலர் மறந்துவிடுவது நியாயமன்று.

பூங்காவின் குறுக்கே நான்கு சாலைகள் செல்ல வேண்டும் என்பது போட்டியின் விதி. இருவரும் அச்சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் அமைத்தனர். வண்டிகள் கீழே விரைய, மக்கள் மேலே பாலங்களின்மீது அமைதியாக நடந்தனர். மோட்டார் வண்டிகள் தோன்றுவதற்கு முன்பே இப்படிச் சிந்தித்தது வியப்பிற்குரியது.

ஆனால், இந்தப் பூங்கா வெற்று நிலத்தில் எழவில்லை. அங்கே ஏறத்தாழ 1,600 பேர் வாழ்ந்திருந்தனர். அவர்களுள் செனெக்கா சிற்றூர் மக்களும் அடங்குவர். 1825 முதல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர் அது. மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளியும் அங்கு இருந்தன. அன்றைய சட்டப்படி, 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் கறுப்பின ஆடவர் வாக்களிக்கலாம். ஆகவே, அவர்களுக்கு நிலம் என்பது வீடு மட்டுமன்று, குரலும் ஆகும். அரசு இழப்பீடு கொடுத்து அனைவரையும் வெளியேற்றியது. அம்முடிவு ஓம்ஸ்டெட் எடுத்ததன்று; அவர் பொறுப்பேற்குமுன்னே எடுக்கப்பட்டது. ஆயினும், எல்லாருக்குமான பூங்காவிற்காகச் சிலர் எல்லாவற்றையும் இழந்தனர் என்பதை மூடிமறைக்க முடியாது. அந்த ஊரின் நினைவாக ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்படுவதற்கு 2001ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

1858ஆம் ஆண்டு டிசம்பரில் உறைந்த ஏரி, பனிச்சறுக்கு ஆட்டத்திற்குத் திறந்துவிடப்பட்டது. ஆணும் பெண்ணும் திரண்டு வந்தனர். புல்வெளியைப் பற்றித்தான் பூசல் எழுந்தது. பேஸ்பால் கழகங்கள் தங்களுக்குத் திடல் வேண்டும் என்று கேட்டன. இடம் கொடுத்தால் புல் தேய்ந்துவிடும். ஆடுகிற சிலருக்காக இளைப்பாற வருகிற பலர் ஒதுங்க நேரிடும் என்று பூங்காவின் பொறுப்பாளர்கள் கருதினர். இறுதியில் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதற்கும் வருகையும் நடத்தையும் நன்று என்று ஆசிரியர் சான்றளிக்க வேண்டும். பள்ளியை விட்டு வேலைக்குப் போன ஏழைச் சிறுவன் அச்சான்றுக்கு எங்கே போவான்?

ஓம்ஸ்டெட்டின் வாழ்வும் புல்வெளிபோல் மென்மையாக அமையவில்லை. 1860இல் குதிரை வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு அவரது தொடையெலும்பு முறிந்தது. சில நாள்களில் கைக்குழந்தையும் இறந்தது. அவரோ தம்மைத் தூக்கிச் செல்லச் சொல்லிப் பணிகளைப் பார்வையிட்டார். 1870இல் ஊழலுக்குப் பேர்போன டுவீட் என்பவரின் கூட்டத்தார் பூங்கா நிருவாகத்தைக் கைப்பற்றினர். ஓம்ஸ்டெட்டும் வாக்சும் விலகினர். மறு ஆண்டு அக்கூட்டம் வீழ்ந்ததும் திரும்பினர். 1878இல் ஓம்ஸ்டெட் மீண்டும் நீக்கப்பட்டார்.

பிறகு மற்றொரு கடற்கரை நகரமான பாஸ்டன் அவரை வரவேற்றது. அங்கே பிராங்க்லின் பூங்காவை வடிவமைத்தபோது, விளையாட்டுக்கென்றே ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கினார். நெரிசல்மிக்க தொழிலாளர் குடியிருப்பின் அருகில், சார்லஸ் ஆற்றங்கரையில் திறந்தவெளி உடற்பயிற்சித் திடலும் அமைந்தது. ஆடவருக்கு 1889இல் திறக்கப்பட்ட அவ்வசதி, அடுத்த சில ஆண்டுகளில் பெண்களுக்கும் கிடைத்தது. நியூயார்க்கில் தீராத சிக்கலுக்கு அவர் கண்ட விடையாக இதனைக் கொள்ளலாம்.

முதுமையில் அவரது நினைவாற்றல் மங்கியது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனையில் இறுதிக் காலத்தைக் கழித்தார். அம்மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முன்பு ஆலோசனை கூறியவரே அவர்தாம். 1903ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் காலமானார்.

1970இல் நியூயார்க்கின் முதல் நெட்டோட்டம் சென்ட்ரல் பூங்காவிற்குள்ளேயே நடந்தது. 127 பேர் புறப்பட்டனர். குதிரை வண்டிகளுக்காக அவர் வகுத்த பாதைகளில் வட்டம் வட்டமாக ஓடினர்.