கட்டுண்ட கால்

சித்தூரிலும் திருப்பதியிலும் மாலைதோறும் மட்டை ஏந்தும் நம் சிறுவர்க்கு ரஞ்சித்சிங்ஜியின் வாழ்வை நாம் நினைவூட்ட விரும்புகிறோம். 1872-இல் கத்தியவாரில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் பயின்ற நாளில், வேகப்பந்தைக் கண்டதும் வலக்காலைப் பின்னிழுத்து விலகுவார். பிழை கையிலன்று, காலிலென்று கண்ட பயிற்சியாளர் அக்காலைத் தரையோடு பிணைத்தார். விலக வழியற்ற ரஞ்சி, உடலை நோக்கி வந்த பந்தை மணிக்கட்டின் திருப்பத்தால் காற்புறமாகப் பின்னே திருப்பிவிடக் கற்றார். குறையைத் திருத்தப் புகுந்த இடத்தில் புதியதோர் அடியே பிறந்தது! 1896-இல் மான்செஸ்டரில், தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே, ஆட்டமிழக்காது 154 ஓட்டங்கள் எடுத்தார். 1933-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கோப்பையின் முதல் ஆட்டம் 1934-இல் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. பிழை சுட்டுவாரை நம் செல்வங்கள் வெறாதிருப்பாராக. கட்டுண்ட காலே அவரை உயர்த்தியது.